திருகோணமலையை விட்டுப் போன கப்பல்களின் பதிவேடுகளைத் திறந்துவையுங்கள்

திருகோணமலை

இந்தியக் குடியரசின் வெளிவிவகார அமைச்சர் கலாநிதி எஸ். ஜெய்சங்கர் அவர்களுக்கும், பாதுகாப்பு அமைச்சர் அவர்களுக்கும்

பொருள்: 1987 ஜூலை முதல் 1990 மார்ச் வரை இலங்கையின் வடக்கிலும் கிழக்கிலும் நிலைகொண்டிருந்த இந்திய அமைதி காக்கும் படையின் பதிவேடுகள்

மாண்புமிகு அமைச்சர்களே,

நான் அரச அலுவலகங்களில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வுபெற்றவள். என் உத்தியோக காலத்தின் பெரும்பகுதி பிறப்பு, இறப்பு, விவாகப் பதிவேடுகளின் முன்னால் கழிந்தது. அரசியல் பேசிப் பழக்கமில்லாத என்னைப் போன்ற ஒருத்தி இரண்டு அமைச்சர்களுக்கு மடல் எழுதத் துணிவதற்கு அந்தத் தொழிலே காரணம். ஒரு பெயர் எந்தப் பக்கத்தில், எந்தத் திகதியில், யாருடைய கையெழுத்தோடு எழுதப்பட்டது என்று தேடுவதுதான் என் வேலையாக இருந்தது. இந்த மடலும் அப்படியான ஒரு தேடலைப் பற்றியதே.

எங்கள் ஊரில் எல்லாவற்றையும் விட ஒழுங்காக எண்ணப்பட்டவை எண்ணெய்க் குதங்கள், அதாவது எண்ணெய் சேமிக்கும் பெரிய தாங்கிகள். ஊருக்கு அருகே சீனன்குடாவில் பிரித்தானியர் கட்டியவற்றுள் எஞ்சியிருக்கும் குதங்கள் 99. 2022 ஜனவரியில் கையெழுத்தான உடன்படிக்கையின்படி 14 குதங்கள் உங்கள் எண்ணெய்க் கம்பனியின் இலங்கைக் கிளையிடமும், 24 இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்திடமும், மீதி 61 இரண்டும் சேர்ந்த புதிய கம்பனியிடமும் இருக்கின்றன. கூட்டிப் பார்த்தால் சரியாக வருகிறது. இந்தக் கணக்கின் முதல் வரி எழுதப்பட்டது 1987 ஜூலை 29 ஆம் திகதி. ராஜீவ் காந்தியும் ஜே. ஆர். ஜயவர்தனவும் கொழும்பில் இந்திய-இலங்கை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட அன்றே இருவரும் கடிதங்களும் பரிமாறிக்கொண்டார்கள். திருகோணமலையோ வேறெந்தத் துறைமுகமோ இந்தியாவின் நலனுக்குப் பாதகமான முறையில் எந்த நாட்டின் இராணுவத் தேவைக்கும் கொடுக்கப்படக்கூடாது என்பதும், எண்ணெய்க் குதங்களை இரு நாடுகளும் கூட்டாகப் புனரமைத்து இயக்க வேண்டும் என்பதும் அந்தக் கடிதங்களில் இருந்தன. முப்பத்துநான்கு ஆண்டுகள் கழிந்தாலும் அது நிறைவேறியது.

ஒப்பந்தத்திலேயே இருந்தவை நிறைவேறவில்லை. வடக்கும் கிழக்கும் இணைந்திருப்பதா என்று கிழக்கு மக்களைக் கேட்கும் சர்வசன வாக்கெடுப்பு 1988 டிசெம்பர் 31 இற்கு முன் நடக்க வேண்டியது, இன்றுவரை நடக்கவில்லை. 2006 ஒக்டோபரில் இலங்கையின் உயர் நீதிமன்றம் அந்த இணைப்பே செல்லாது என்று சொல்லிவிட்டது. தீர்வுகளுக்கு இந்தியா உத்தரவாதம் அளிக்கும் என்ற வாசகம் அச்சில் அப்படியே இருக்கிறது. அயல்நாட்டின் உள்நாட்டுப் போருக்குள் ஓர் அரசு படை அனுப்பும்போது அதற்கு என்ன பெயர் வைக்கிறது என்பதை நான் இப்போது பெரிதாகப் பார்ப்பதில்லை. கூடவே கைமாறிய கடிதங்களில் என்ன இருக்கிறது என்றுதான் தேடுகிறேன். எங்கள் ஊரின் பெயர் அந்தக் கடிதத்தில் துறைமுகமாகவும் குதங்களாகவும் இருக்கிறது. ஊரில் இருந்த மனிதர்கள் அதில் இல்லை.

நாங்கள் உங்கள் படையை வெறுப்போடு வரவேற்றவர்கள் அல்ல. 1983 ஜூலையில் கடற்படையினர் முகாமை விட்டு வெளியேறி நகரத்துத் தமிழரின் வீடுகளையும் கடைகளையும் கொளுத்தியதைக் கண்ணால் கண்டவர்கள் நாங்கள். ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் கடல் கடந்து உங்கள் நாட்டில் தஞ்சம் புகுந்த காலம் அது. ஆகவே 1987 ஓகஸ்டில் இந்திய வாகனங்கள் வந்தபோது நானும் வீதியோரத்தில் நின்று கையசைத்தேன். அந்தச் சந்தோசம் இரண்டரை மாதம்கூட நிலைக்கவில்லை. ஒக்டோபர் தொடக்கத்தில், பிடிபட்ட புலிகள் இயக்கத்தினர் பன்னிருவர் யாழ்ப்பாணத்துப் பலாலி முகாமில் சயனைட் அருந்தி இறந்ததும், கிழக்கில் சிங்கள மக்கள் கொல்லப்பட்டார்கள். எங்கள் நகரத்திலிருந்தும் சிங்களக் குடும்பங்கள் கையில் கிடைத்ததோடு ஓடின. காப்பதற்கென்று வந்த படை அப்போது இங்கேதான் இருந்தது. அடுத்த சில நாட்களில் அதே படை புலிகளோடு போரில் இறங்கியது. சமாதானத்துக்குப் பிணை நிற்க வந்தவர் சண்டைக்காரரில் ஒருவராக மாறிவிட்டார். அதன் பிறகு நடந்தவற்றுள் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையில் ஒக்டோபர் 21, 22 ஆம் திகதிகளில் மருத்துவரும் தாதியரும் நோயாளரும் கொல்லப்பட்டதும், 1989 ஓகஸ்டில் வல்வெட்டித்துறையில் ஐம்பதுக்கும் மேற்பட்ட பொதுமக்கள் கொல்லப்பட்டதும் தாங்கள் அறியாதவை அல்ல. அவற்றைப் பற்றி வேறு பலர் எழுதியிருக்கிறார்கள். நான் எழுத வந்தது அதிகம் எழுதப்படாத ஒன்றைப் பற்றி: போன விதத்தைப் பற்றி.

1988 நவம்பரில் தேர்தல் நடந்து, இணைந்த வடக்கு கிழக்கு மாகாண சபை திருகோணமலையைத் தலைநகராகக் கொண்டு இயங்கத் தொடங்கியது. அதன் பாதுகாப்பு முழுக்க முழுக்க உங்கள் படையைச் சார்ந்திருந்தது. 1989 ஜூனில் ஜனாதிபதி பிரேமதாச, ஜூலை 29 இற்குள் படை வெளியேற வேண்டும் என்றார். அந்தத் திகதி தள்ளிப்போனது. ஆனால் போவது நிச்சயம் என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. போன பிறகு மாகாண சபையைக் காப்பதற்கென்று தமிழ்த் தேசிய இராணுவம் என்ற பெயரில் ஒரு படை, உங்கள் படையோடு நின்ற தமிழ்க் குழுக்களால் அவசர அவசரமாகத் திரட்டப்பட்டது. அதற்கு ஆட்கள் எப்படிச் சேர்க்கப்பட்டார்கள் என்பதற்கு எங்கள் ஊரில் ஒரே சொல்தான் உண்டு: பிள்ளைபிடி. பேருந்திலிருந்து இறக்கினார்கள், ரியூட்டரி (தனியார் வகுப்பு) வாசலில் மறித்தார்கள், கோயில் வீதியில் பந்து விளையாடிக்கொண்டிருந்தவர்களை ஏற்றிக்கொண்டு போனார்கள். மீசை முளைத்த பிள்ளை உள்ள வீடுகளில் பகலிலும் கதவு சாத்தியிருந்தது. தப்பி ஓடினால் அடையாளம் தெரியட்டும் என்று தலைமயிரை ஒட்ட வெட்டிவிட்டிருந்தார்கள்; அந்தத் தலைகளோடு பிள்ளைகள் லொறிகளில் குந்தியிருந்து போனதை நான் பார்த்திருக்கிறேன்.

எங்கள் பக்கத்து வீட்டு அக்காவின் மூத்த மகனுக்கு அப்போது பதினேழு வயது. உயர்தரத்தில் கணிதம் படித்துக்கொண்டிருந்தான். 1989 இன் கடைசியில் ஒரு பின்னேரம் துவிச்சக்கரவண்டி மட்டும் வீடு வந்தது. கூடப் படித்த பையன் உருட்டிக்கொண்டு வந்தான். கூட்டிப்போனவர்கள் எந்தக் குழுவினர் என்று இங்கே நான் எழுதப்போவதில்லை. அந்தக் குழுவிலும் பாதிப்பேர் அப்படிப் பிடிபட்ட பிள்ளைகள்தான். அக்கா மூன்று முகாம்களுக்கு ஏறி இறங்கினார். துணைக்கு நானும் போனேன். ஒரு முகாம் வாசலில் தமிழ் தெரிந்த சிப்பாய் ஒருவர், அவருக்கும் அக்காவின் மகனை விட ஐந்தாறு வயதுதான் கூடுதலாக இருக்கும், எங்களை நிழலில் இருத்தித் தண்ணீர் தந்தார். பிறகு தடித்த மட்டை போட்ட பெரிய புத்தகம் ஒன்றை எடுத்து வந்து பெயர், தகப்பன் பெயர், ஊர், உயரம், உடலில் உள்ள மறு எல்லாவற்றையும் கேட்டுக் கேட்டு எழுதினார். எழுத்துப் பிழைக்கக்கூடாதென்று பெயரை இரண்டு தரம் சொல்லச் சொன்னார். அந்தப் பக்கத்தில் எங்களுடையதற்கு மேலே இருபதுக்கும் மேற்பட்ட வரிகள் இருந்ததைத் தலைகீழாகப் பார்த்தேன். தொழில் பழக்கம், எந்தப் பதிவேட்டைக் கண்டாலும் வரிகளை எண்ணிவிடுவேன்.

அந்தப் புத்தகம் எங்கே என்பதுதான், அமைச்சர்களே, இந்த மடலின் கேள்வி.

அம்பாறை, மட்டக்களப்பு, யாழ்ப்பாணம் என்று ஒவ்வொன்றாக விட்டுவிட்டு உங்கள் படை கடைசியாக நின்ற இடம் திருகோணமலை. 1990 மார்ச் முதலாம் திகதி முதலமைச்சர் வரதராஜப் பெருமாள் மாகாண சபையில் ஒருதலைப்பட்சமான சுதந்திரப் பிரகடனத் தீர்மானத்தைக் கொண்டுவந்தார்; அதற்குள் அவரைப் போன்றவர்களுக்குக் கப்பல் ஆயத்தமாகியிருந்தது. 24 ஆம் திகதி கடைசிக் கப்பல்கள் உட்துறைமுகத்தை விட்டுப் போயின. சென்னைத் துறைமுகத்தில் அந்தப் படையை வரவேற்க முதலமைச்சர் கருணாநிதி போகவில்லை என்ற செய்தி எங்களுக்குப் பிறகு வந்தது. மாகாண சபையைச் சேர்ந்தவர்களும் அவர்கள் குடும்பங்களும் கப்பலேறி, எங்கோ ஒடிசாவின் மல்கான்கிரிக் காட்டோரத்து முகாமில் போய் இருந்தார்கள். ஆனால் கப்பலில் இடம் கிடைத்தது தலைவர்களுக்கும் அவர்களுக்கு நெருங்கியவர்களுக்கும்தான். பிடித்துச் சேர்க்கப்பட்ட பிள்ளைகள் சீருடையைக் கழற்றிக் கிணற்றுக்குள்ளும் பற்றைக்குள்ளும் எறிந்துவிட்டு நடந்தார்கள். கிழக்கில் உங்கள் முகாம்கள் காலியாகக் காலியாக, புலிகள் அவர்களைத் தேடித் தேடி அழித்தார்கள். அந்த நேரத்தில் புலிகளுக்கு ஆயுதம் கொடுத்தது எங்கள் சொந்த அரசு. அவ்வருடம் ஜூனில் அந்த இரு தரப்பும் தமக்குள் போரைத் தொடங்கியபோது, கொன்றவர்களும் கொல்லக் கொடுத்தவர்களும் எதிரெதிரே நின்றார்கள். முதல் சுற்றில் செத்த பிள்ளைகளைப் பற்றிக் கேட்பதற்கு யாருமே இல்லாமற்போனார்கள். ஆக, பழி முழுவதையும் உங்கள் அரசின் தலையில் ஏற்றுவது என் நோக்கம் அல்ல. சுட்டவர்கள் வேறு. ஆனால் அந்தப் பிள்ளைகளின் பெயர்களை எழுதி, பயிற்சி கொடுத்து, துவக்குக் கொடுத்து, தொடரிலக்கம் குறித்து வைத்திருந்த அலுவலகம் ஒன்று இருந்தது. துவக்குக்கு இலக்கம் எழுதாமல் எந்த இராணுவமும் துவக்குக் கொடுப்பதில்லை.

மறுபக்கத்தில் உங்களவர்களின் பெயர்கள் இருக்கின்றன. கொழும்புக்கு அருகே, நாடாளுமன்றத்துக்குப் பக்கத்தில், இங்கே உயிரிழந்த ஆயிரத்து நூறுக்கும் மேற்பட்ட இந்தியப் படையினரின் பெயர்கள் கறுப்புக் கல்லில் பொறிக்கப்பட்டுள்ளன. 2025 ஏப்ரல் 5 ஆம் திகதி பிரதமர் மோடி அங்கே மலர்வளையம் வைத்தார். அது சரியான செயல். எங்களுக்குத் தண்ணீர் தந்த சிப்பாய் உயிரோடு ஊர் திரும்பினாரா என்று நானும் பல நாள் நினைத்திருக்கிறேன். அதே நாளில்தான் இந்தியா, இலங்கை, ஐக்கிய அரபு அமீரகம் மூன்றும் திருகோணமலையை வலுசக்தி மையமாக்கும் புரிந்துணர்வு உடன்படிக்கையிலும் கையெழுத்திட்டன. ஆக அன்று கல்லில் இருந்த பெயர்களும் நினைவுகூரப்பட்டன, குதங்களும் நினைவுகூரப்பட்டன.

வேறு தேசங்களில் இது எப்படி முடிந்தது என்று படித்துப் பார்க்க ஓய்வுக் காலம் எனக்கு அவகாசம் தந்தது. 1976 இல் லெபனானின் உள்நாட்டுப் போருக்குள் சிரியா படை அனுப்பியது. அதே ஆண்டு அரபு நாடுகள் கூடி அதற்கு அரபுத் தடுப்புப் படை என்று பெயரும் சூட்டின. போர் முடிந்து பதினைந்து ஆண்டுகள் ஆகியும் அது போகவில்லை. 2005 ஏப்ரலில்தான் போனது. அது பிடித்துச் சென்றவர்களைப் பற்றிக் குடும்பங்கள் கேட்டபோதெல்லாம் அப்படி யாரும் இல்லை என்ற பதில் வந்துகொண்டிருந்தது. 2024 டிசெம்பரில் சிரியாவின் அந்த ஆட்சி கவிழ்ந்து சிறைகள் திறந்தபோது, லெபனான் தாய்மார் நாற்பது ஆண்டுப் பழைய படங்களை வைத்துக்கொண்டு பெயர் தேடினார்கள்.

கொங்கோவில் 1998 இல் தொடங்கிய போருக்குள் ருவாண்டாவும் உகாண்டாவும் ஒரு பக்கத்திலும், சிம்பாப்வே, அங்கோலா, நமீபியா மற்றப் பக்கத்திலும் இறங்கின. 2000 ஜூனில் கிசங்கானி நகரில் ஒரே பக்கத்தில் நின்ற இரண்டு அயலவரும் ஆறு நாட்கள் ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டார்கள். வீடு இழந்ததும் உயிர் இழந்ததும் அந்த நகரத்து மக்கள். கொங்கோ அரசு சர்வதேச நீதிமன்றத்துக்குப் போனது. 2005 இல் உகாண்டா பொறுப்பென்று தீர்ப்பு வந்தது. 2022 பெப்ரவரியில் இழப்பீடு 32.5 கோடி டொலர் என்று தீர்மானிக்கப்பட்டது. என் கண் நின்றது பணத்தில் அல்ல. ஒரு இலட்சத்து எண்பதாயிரம் பேர் இறந்தார்கள் என்று கொங்கோ சொன்னது. போதிய சான்று இல்லை என்று கூறிய நீதிமன்றம், உகாண்டா பொறுப்பேற்க வேண்டிய இறப்புகள் பத்தாயிரத்துக்கும் பதினையாயிரத்துக்கும் இடையில் இருக்கலாம் என்று மதிப்பிட்டது. உலகத்தின் மிகப் பெரிய நீதிமன்றமும் பட்டியல் இல்லாதபோது மதிப்பிடத்தான் முடிந்தது. அந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் உள்ள ஐயாயிரம் பேரும் யாரோ ஒருவர் பெயர் எழுதி வைக்காததால் இருந்தும் இல்லாதவர்கள். எங்களுடைய கதையில் பெயர்கள் எழுதப்பட்டிருக்கின்றன. நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். அதுவே என்னை விடாமல் எழுதச் செய்கிறது.

நான் கேட்பது உங்கள் சட்டத்துக்கு வெளியே உள்ளதும் அல்ல. இந்தியாவின் பொது ஆவணச் சட்டம் 1993 ஆம் ஆண்டுக்குரியது. 2021 ஜூனில் உங்கள் பாதுகாப்பு அமைச்சு போர் வரலாறுகளைத் தொகுப்பது பற்றியும் ஆவணங்களை இரகசிய நிலையிலிருந்து விடுவிப்பது பற்றியும் ஒரு கொள்கையை அங்கீகரித்தது. அதன்படி ஆவணங்கள் சாதாரணமாக இருபத்தைந்து ஆண்டுகளில் விடுவிக்கப்பட வேண்டும், அதற்கு மேற்பட்டவை நிபுணர்களால் பார்க்கப்பட்டுத் தேசிய ஆவணக் காப்பகத்துக்குப் போக வேண்டும். 1990 மார்ச்சுக்கு இருபத்தைந்து ஆண்டுகள் 2015 இலேயே கழிந்துவிட்டன. படை நகர்வுத் திட்டங்களோ வரைபடங்களோ எங்களுக்கு வேண்டாம். யார் யாரைத் தோற்கடித்தார்கள் என்ற விவாதத்தை உங்கள் ஓய்வுபெற்ற தளபதிகள் தங்கள் நூல்களில் நடத்திக்கொள்ளட்டும். எங்களுக்கு வேண்டியவை முகாம்களில் தடுத்து வைக்கப்பட்டவர்களின் பதிவேடுகள். முகத்தை மறைத்து ஆட்காட்டிய தலையாட்டிகளின் முன்னால் வரிசையில் நிறுத்தி ஏற்றிச் செல்லப்பட்டவர்கள் எங்கே ஒப்படைக்கப்பட்டார்கள் என்ற குறிப்புகள். தமிழ்த் தேசிய இராணுவத்துக்கும் மாகாண சபையின் தொண்டர் படைக்கும் பயிற்சி, சம்பளம், ஆயுதம் கொடுத்த பெயர்ப் பட்டியல்கள். முறைப்பாடு சொல்ல வந்த தாய்மாரின் வாய்மொழியைப் பதிந்த அந்தத் தடித்த மட்டைப் புத்தகங்கள். 1990 மார்ச்சில் திருகோணமலையிலிருந்து புறப்பட்ட கப்பல்களின் பயணிகள் பட்டியல்கள். கடைசியாகச் சொன்னதற்கு ஒரு தனிக் காரணம் உண்டு. அக்கா இன்றும், மகன் கப்பலேறியிருப்பான், எங்கோ ஒடிசாவில் பேர் மாற்றிக்கொண்டு குடும்பத்தோடு இருக்கிறான் என்று நம்புகிறார். அந்தப் பட்டியலில் அவன் பெயர் இல்லையென்றால் இல்லையென்றாவது அவருக்குத் தெரியட்டும்.

கலாநிதி ஜெய்சங்கர் அவர்களே, தங்களுடைய பகிரங்க வாழ்க்கைக் குறிப்பில் 1988 முதல் 1990 வரை இலங்கையில் முதற் செயலாளராகவும் அமைதிப் படையின் அரசியல் ஆலோசகராகவும் பணியாற்றியதாக இருக்கிறது. இன்று வெளிவிவகாரம் பார்க்கும் அமைச்சர்களுள் இந்தக் காலத்தையும் இந்த ஊர்ப் பெயர்களையும் பக்கத்தில் இருந்து அறிந்தவர் தாங்கள் ஒருவராகத்தான் இருப்பீர்கள். தங்கள்மீது குற்றம் சொல்ல இதை நினைவூட்டவில்லை. எந்தக் கோப்பு எந்த அலுவலகத்துக்குப் போயிருக்கும் என்று இன்னொருவருக்கு விளக்கிச் சொல்ல நூறு பக்கம் எழுத வேண்டும். தங்களுக்கு ஒரு வரி போதும் என்பதால்தான் இந்த மடல் முதலில் தங்கள் பெயருக்கு வருகிறது.

எங்கள் பக்கத்து அலுவலகங்களிலும் அக்கா ஏறி இறங்காத படி இல்லை. ஆணைக்குழுக்கள் வந்தன, படிவங்கள் நிரப்பினோம், ஒவ்வொரு படிவத்திலும் கடைசியாகக் கண்ட திகதி என்ற கட்டம் இருந்தது. காணாமற்போனதற்கான சான்றிதழ் எடுக்கலாம் என்றார்கள். அதை நிரப்பிக் கொடுக்க வேண்டியவளே நான். என் கையால் அதை எழுத அக்கா சம்மதிக்கவில்லை. அவருக்கு இப்போது எண்பத்துமூன்று வயது. சீனன்குடாப் பக்கம் பேருந்தில் போகும்போது மரங்களுக்கு நடுவே குதங்கள் தெரியும். அவற்றின் உடம்பில் வெள்ளை நிறத்தில் இலக்கங்கள் எழுதியிருக்கும். அவர் பார்ப்பதில்லை, நான்தான் பார்க்கிறேன்.

பட்டியல்களைத் தமிழில் எழுதித் தர வேண்டும் என்றில்லை. ஆங்கிலத்தில் இருந்தாலும் இந்தியில் இருந்தாலும், பெயர்கள் வாய்க்கு வந்தபடி எழுதப்பட்டிருந்தாலும் பரவாயில்லை. சாம்பல்தீவு, தம்பலகாமம், ஆலங்கேணி போன்ற ஊர்ப் பெயர்களைப் பத்து விதமாகப் பிழையாக எழுதியிருப்பதை நான் என் உத்தியோகத்தில் பார்த்துப் பழகியவள். தகப்பன் பெயரின் முதல் எழுத்தும் ஊரும் இருந்தால் எங்களால் கண்டுபிடிக்க முடியும். பிரதிகளை இணையத்தில் போட்டாலும் சரி, இங்குள்ள கச்சேரிக்கு (மாவட்டச் செயலகத்துக்கு) அனுப்பினாலும் சரி. வாசித்துப் பிரித்து ஊர்வாரியாக எழுதுவதற்கு என்னோடு ஓய்வுபெற்ற எழுதுவினைஞர்கள் நால்வர் இருக்கிறோம், சம்பளம் தேவையில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற எழுதுவினைஞர் ஒருத்தி
திருகோணமலை